நெஞ்சில் நீர் கோத்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் நெஞ்சுநோய் வார்டில் இருபது வருடத்துக்கும் மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்னமும் தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதோ கல்யாணப் பந்தியில் உட்காரும்போதோ யாராவது பக்கத்தில் வந்து, "மிஸ்ஸி, எங்க அப்பாவுக்கு லங்ஸ்ல தண்ணி கோத்திருக்காம்" என்று கைப்பேசியில் எக்ஸ்ரே படத்தைக் காட்டுகிறார்கள்.

இதயம் பலவீனமாவது, நிமோனியா, டிபி, புற்றுநோய் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான நீர்க்கோர்ப்புக்குக் காரணம். மருத்துவர்கள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான். அந்த நான்கில் அடங்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீரை எடுத்ததும் மூச்சு இலேசாகி, சந்தோஷமாக வீட்டுக்குப் போய், மூன்று வாரத்தில் மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீரை எடுத்திருப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீர் இருப்பது நுரையீரலுக்கு உள்ளேயா, வெளியேயா?

வெளியே. நுரையீரலுக்கு மெல்லிய இரட்டை உறை உண்டு. ஓர் உறை நுரையீரலோடு ஒட்டியிருக்கும், இன்னொன்று விலா எலும்புகளின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நம் எல்லோருக்கும் பக்கத்துக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி நீர் இருக்கிறது. மூச்சு விடும்போது உறைகள் உரசாமல் வழுக்கிப் போக அது வேண்டும். நீர் ஊறிக்கொண்டே இருக்கும், நிணநீர்க்குழாய்கள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊறுவது கூடினால் தேங்கும், உறிஞ்சுவது குறைந்தாலும் தேங்கும். மூன்றாவதாக, உடம்பில் வேறெங்கோ இருக்க வேண்டிய திரவம் வழிதவறி இங்கே ஒழுகினாலும் தேங்கும். அபூர்வமான காரணங்களில் பல இந்த மூன்றாவது வகைதான்.

நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள்ளேயே நீர் நிரம்புவது வேறு நிலைமை, அதற்கு வைத்தியமும் வேறு. மலாய்க்காரர்கள் 'பாரு-பாரு பெராயெர்' என்கிறார்கள், நாம் 'லங்ஸ்ல தண்ணி' என்கிறோம். இரண்டு பேச்சிலும் இரண்டு நோயும் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. டாக்டரிடம் "உள்ளேயா, சுற்றியா?" என்று ஒரு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இராத்திரியில் மோட்டார் ஓட்டினால் காற்று நெஞ்சில் பட்டு நீர் கோக்குமா?

கோக்காது. நம் ஊரில் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். நெஞ்சில் குளிர்காற்று படக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் போடுகிறார்கள். குளிருக்கு அது நல்லதுதான். ஆனால் காற்றோ, ஐஸ் தண்ணீரோ, இராத்திரி தலைக்குக் குளிப்பதோ நுரையீரல் உறைக்குள் நீரைக் கொண்டுவராது.

மோட்டாரிலிருந்து விழுந்தால் வரலாம். விலா எலும்பு முறிந்தால் உறைக்குள் இரத்தம் கசியும். அன்றே தெரியாமல் சில நாள் கழித்துக்கூட மூச்சு முட்டலாம். எடுத்த நீர் சிவப்பாக இருந்தாலே அது முழு இரத்தம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கலந்தாலும் சிவப்பாகத்தான் தெரியும். அதிலுள்ள சிவப்பணுக்களின் அளவு உடம்பின் இரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் இருந்தால்தான் இரத்தக்கோர்ப்பு என்பார்கள். விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்த பையன் மூன்றாம் நாள் படி ஏற முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

நீர் எடுக்கும் அன்றைக்கே எதற்கு இரத்தமும் எடுக்கிறார்கள்?

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட. ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972ல் சொன்ன கணக்கு இன்றும் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஓடுகிறது. நீரிலுள்ள புரதம் இரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்டிஹெச் என்ற நொதி இரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்குக்கு மேல் இருந்தாலோ, அந்த எல்டிஹெச் இரத்தத்தில் இயல்பாக இருக்கக்கூடிய உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ, அது உறையே நோய்ப்பட்டுக் கசியும் 'கெட்டி நீர்'. எதுவும் இல்லையென்றால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடத்துக் கோளாறால் ஊறிய 'மெல்லிய நீர்'.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. நீர் போகும் மாத்திரையைச் சில நாள் சாப்பிட்ட இதய நோயாளிக்கு மெல்லிய நீரும் கெட்டியாகக் காட்டும். அதனால் என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதைச் சொல்லிவிடுங்கள்.

நிறத்தையும் கேளுங்கள். வைக்கோல் நிறமா, சிவப்பா, பச்சையா, கறுப்பா, பால் வெள்ளையா? நாற்றம் உண்டா? எந்தப் பக்கம்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் சொல்லித் தந்தது, குப்பியை லேபுக்கு அனுப்பும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எழுதிவை என்று. ஓய்வு பெறும் நாள் வரை அப்படித்தான் செய்தேன்.

மாமாவுக்கு நெஞ்சிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. சீழா?

சீழாகவும் இருக்கலாம், கொழுப்பு கலந்த நிணநீராகவும் இருக்கலாம். இந்த இரண்டாவதற்கு கைலோதோராக்ஸ் என்று பெயர். எனக்கு மறக்காத ஒரு நோயாளியைச் சொன்னால் விளங்கும்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். உணவுக்குழாயில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து நெஞ்சில் குழாயோடு படுத்திருந்தார். முதல் நாட்களில் பாட்டிலில் இறங்கிய நீர் இளமஞ்சளாகத்தான் இருந்தது. வாய்வழி ஆகாரம் எதுவும் இல்லாத நேரம் அது. ஐந்தாம் நாள் மத்தியானம் குடலுக்குள் வைத்த சிறு குழாய் வழியாகப் பால்சத்து கொடுக்க ஆரம்பித்தோம். மறுநாள் விடிகாலை நான் சுற்றிவந்தபோது அவர் விழித்துக்கொண்டு கட்டிலடியில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாருங்க மிஸ்ஸி, கோப்பையில மரத்துப்பால் எறங்குற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. வெள்ளையாக, கெட்டியாக, மேலே மெல்லிய ஏடு கட்டி இருந்தது.

நடந்தது இதுதான். குடலில் உறிஞ்சப்படும் கொழுப்பு நேராக இரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீரோடு கலந்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறும் ஒரு பெரிய நிணநீர்க்குழாய் வழியாகக் கழுத்தின் இடப்பக்கத்து இரத்தக்குழாயில் சேர்கிறது. தினம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்கு மேல் அந்தக் குழாயில் ஓடும். உணவுக்குழாய் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆபரேஷனில் அது கிழிபடுவது உண்டு. இதய ஆபரேஷன், கழுத்து ஆபரேஷன், விபத்து ஆகியவற்றிலும் நடக்கும். ஆபரேஷனே செய்யாத ஒருவருக்கு வந்தால் நிணநீர்க்கட்டிப் புற்றுநோயான லிம்போமாவை முதலில் தேட வேண்டும்.

குழாய் வயிற்றிலிருந்து ஏறும்போது வலப்பக்கம் இருக்கும், நெஞ்சின் நடுப்பகுதியில் இடப்பக்கம் தாண்டும். கீழே கிழிந்தால் வலது நெஞ்சிலும் மேலே கிழிந்தால் இடது நெஞ்சிலும் நிரம்பும்.

பட்டினி இருக்கும் நோயாளிக்கு இந்த நீர் வெள்ளையாகவே இருக்காது. கைலோதோராக்ஸ் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் பால் நிறம் காட்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் நீரில் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1.24 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதை நாள்கணக்கில் வெறுமனே வடியவிடக் கூடாது. புரதம், கொழுப்பு, நோய் எதிர்ப்பு அணுக்கள் எல்லாம் அந்த நீரில்தான் போகின்றன. நம் தோட்டக்காரர் பத்து நாளில் கண்முன்னே இளைத்தார். கொழுப்பில்லாத ஆகாரம், தேவைப்பட்டால் நரம்பு வழிச் சத்து, ஆக்ட்ரியோடைடு ஊசி, நிற்காவிட்டால் கிழிந்த குழாயைக் கட்டும் ஆபரேஷன் அல்லது அதை உள்ளிருந்தே அடைக்கும் முறை என்று வைத்தியம் படிப்படியாகப் போகும். அவருக்குக் கட்டித்தான் நின்றது.

அந்த ஆகாரத்தில் தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமா? 'எம்சிடி எண்ணெய்' தேங்காயிலிருந்துதானே வருகிறது?

சேர்க்கக் கூடாது. குட்டையான சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலங்கள் நிணநீரைத் தொடாமல் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். அதனால்தான் அவற்றை மட்டும் பிரித்தெடுத்த எம்சிடி எண்ணெயைத் தருகிறார்கள். முழுத் தேங்காய் எண்ணெயில் அந்த வகை ஏழில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் நிறைய நிணநீர் வழியாகவே போகும். தேங்காய்ப் பால் ஊற்றிய கறி, நெய், பால் ஊற்றிய தே தாரிக் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அன்பாகக் கொண்டுவந்த ஒரு கிண்ணம் குருமாவால் பாட்டில் மறுபடி வெள்ளையானதை நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த மகளை யாரும் கோபிக்கவில்லை, அவருக்கு ஒருவரும் விளக்கியிருக்கவில்லை.

பல வருடத்துக்கு முன் டிபி வந்தவருக்கும் பால் போன்ற நீர் வருமா?

வரும், ஆனால் அது வேறு. உறை தடித்துப்போய் அதற்குள் வருடக்கணக்கில் தேங்கிய நீரில் கொலஸ்ட்ரால் படிகங்கள் சேரும். வெளிச்சத்தில் பட்டுத் துணிபோல் மினுங்கும். பழைய டிபி, நாள்பட்ட மூட்டுவாதம் இருப்பவர்களுக்கு இது வரலாம். இதற்குப் பத்தியம் தேவையில்லை.

அம்மா வயிற்று டயாலிசிஸ் செய்கிறார். இரண்டு வாரமாக மூச்சு வாங்குகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். நம்மவர்களில் நீரிழிவால் சிறுநீரகம் போனவர்கள் இத்தனை பேர் இருக்க, இந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

வயிற்று டயாலிசிஸில் தினம் மூன்று நான்கு தடவை 2 லிட்டர் வரை சர்க்கரைக் கரைசலை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்து வெளியே எடுக்கிறோம். வயிற்றையும் நெஞ்சையும் பிரிப்பது உதரவிதானம் என்ற தசைத் திரை. சிலருக்குப் பிறப்பிலேயே அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். வயிறு நிரம்பி அழுத்தும்போது கரைசல் அதன் வழியாக மேலேறி நெஞ்சுக்குள் போய்விடும். பெரும்பாலும் வலப்பக்கம்தான். நூற்றில் ஓரிருவருக்கு இது நடக்கிறது.

கண்டுபிடிக்கும் துப்பு வீட்டிலேயே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஓர் அம்மாவின் மகள் டயாலிசிஸ் நோட்டுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். போட்டது 2000 மில்லி, வந்தது 2150. போட்டது 2000, வந்தது 2100. பிறகு 1800. பிறகு 1650. ஒவ்வொரு தடவையும் குறைந்த அந்த நீர் எங்கே போனது? உடம்பில் நீர் தங்குகிறது என்று நினைத்து மகள் பலம் கூடிய, அதாவது சர்க்கரை கூடிய, கரைசல் பையை மாற்றிப் போட்டிருக்கிறார். வேறு நேரத்தில் அது சரியான யோசனைதான். இங்கே வயிற்றில் நீர் இன்னும் பெருகி, இன்னும் அதிகம் மேலேறியது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றார் அந்த அம்மா.

எடுத்த நீர் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அதில் சர்க்கரை பார்த்தபோது இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. நெஞ்சில் தானாக ஊறும் எந்த நீரிலும் இரத்தத்தைவிட இவ்வளவு சர்க்கரை இருக்காது. மிகக் குறைந்த பலமுள்ள பையிலேயே லிட்டருக்கு 13 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதனால் விடை அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் வயிற்று டயாலிசிஸை நிறுத்தி, இடைக்காலத்துக்கு இரத்த டயாலிசிஸுக்கு மாற்றுவார்கள். சில வாரம் ஓய்வு கொடுத்து, குறைந்த அளவில், உட்கார்ந்த நிலையில் மறுபடி முயற்சி செய்யலாம். திரும்ப வந்தால் உறைகளை ஒட்டவைப்பது அல்லது ஓட்டையைத் தைப்பது, அல்லது இரத்த டயாலிசிஸிலேயே இருந்துவிடுவது. அந்த நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். உங்களால் டாக்டருக்குத் தர முடிந்ததில் அதுதான் பெரிது.

கல்லீரல் சுருங்கியவருக்கு வயிறு வீங்கவே இல்லை, ஆனால் நெஞ்சில் நீர். எப்படி?

அதே ஓட்டைகள்தான். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் வலது பக்கம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால் வயிற்றில் ஊறுவதை ஊறிய கையோடு நெஞ்சு மேலே உறிஞ்சிவிடும். அதனால் வயிறு தட்டையாகவே இருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு நெஞ்சில் குழாய் போட்டு விட்டுவைப்பது ஆபத்து. வயிற்றில் ஊறும் நீர் நிற்காமல் அதன் வழியாக வடிந்து, புரதமும் உப்புகளும் போய், சிறுநீரகம் படுத்துவிடும். மூச்சு முட்டினால் ஊசியால் அவ்வப்போது எடுப்பார்கள். உப்பைக் கடுமையாகக் குறைப்பதும் நீர் போகும் மாத்திரையும்தான் அடிப்படை. ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மீ எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

நெஞ்சு நீரில் சிறுநீர் நாற்றம் அடிக்குமா?

அடிக்கும், அபூர்வமாக. சிறுநீர் போகும் வழி அடைபட்டாலோ, சிறுநீரகக் கல் எடுத்தபோது காயம் பட்டாலோ சிறுநீர் கசிந்து அதே பக்கத்து நெஞ்சுக்குள் ஏறலாம். சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் இந்த நீரில் இரத்தத்தைவிட அதிகமாக இருந்தால் அதுதான். அடைப்பை எடுத்தால் நெஞ்சு தானாகச் சரியாகும். கல் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் மூச்சு வாங்கினால் நெஞ்சு டாக்டரிடம் அந்த ஆபரேஷனையும் சொல்லுங்கள்.

அக்காவுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் நீர், சினைப்பையில் கட்டி, இரத்தத்தில் சிஏ 125 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவும் அதிகம். முற்றிய புற்றுநோய் என்று வீட்டில் அழுதுகொண்டிருக்கிறோம்.

கட்டியைப் பரிசோதிக்கும் வரை அப்படி முடிவுகட்ட வேண்டாம். சினைப்பையில் வரும் நார்க்கட்டி புற்றுநோயே இல்லை. ஆனால் அது சிலருக்கு வயிற்றில் நீரையும் நெஞ்சில் நீரையும் சேர்த்துக் கொண்டுவரும். 1937ல் பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் இதை விவரித்து எழுதியதால் மெய்க்ஸ் நோய்க்குறி என்று பெயர். இந்த நோயாளிகளுக்கும் சிஏ 125 ஏறும். ஸ்கேனும் இரத்தமும் சேர்ந்து பார்த்தால் அச்சு அசலாகப் புற்றுநோய் போலவே இருக்கும். கட்டியை எடுத்ததும் இரண்டு நீரும் வற்றிவிடும், திரும்ப வராது.

உண்மையிலேயே புற்றுநோயாக இருப்பவர்களும் உண்டு, இவர்கள்தான் அதிகம். அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நீரில் புற்றணு இருக்கிறதா என்ற பரிசோதனையும் கட்டியின் திசுப் பரிசோதனையும் வரட்டும். "ஆபரேஷன் செய்து பயன் இல்லை" என்று வீட்டுக்குள்ளேயே முடிவெடுத்து அழைத்துப் போய்விடாதீர்கள்.

குழந்தைக்காக ஊசி போட்டுக்கொண்டிருக்கும் தங்கைக்கு வயிறு உப்பி மூச்சு வாங்குகிறது.

இன்றைக்கே அந்தக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்குப் போடும் ஊசியில் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் இரத்தக்குழாய்கள் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேரும். இரத்தம் கெட்டியாகி உறைகட்டியும் வரலாம். வாயு என்று வெந்தயம் கொடுத்துக் காத்திருக்கும் விஷயம் இல்லை.

டிங்கி காய்ச்சலில் நெஞ்சில் நீர் வந்தால் எடுக்க வேண்டாமா?

பொதுவாக வேண்டாம். டிங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், இரத்தக்குழாய்கள் ஒன்றிரண்டு நாள் கசியும். அந்த நீர் வலது நெஞ்சில் முதலில் தெரியும், அல்ட்ராசவுண்டில் சீக்கிரம் பிடிபடும். கசிவு நின்றதும் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்தினால் இரத்தம் நிற்காது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்தக் காய்ச்சல் இறங்கும் நாள். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நிம்மதியாகும் அன்றைக்குத்தான் வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்வு, மூச்சு வாங்கல் வருகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும்.

நிமோனியா, நெஞ்சில் சீழ். பத்து நாள் ஆன்டிபயாட்டிக் போட்டும் அப்பாவுக்கு இறங்கவில்லை. நீரிழிவு உண்டு.

மெலியோய்டோசிஸ் பார்த்தார்களா என்று கேளுங்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் வருவது. மழைக்காலத்தில் கூடும், நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். இந்த நோய்க்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. இரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் கிருஷ்ணசாமி என்ற மருத்துவரும் 1912ல் இதை முதலில் விவரித்தார்கள். மறு வருடமே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆய்வுக்கு வளர்த்த விலங்குகளிடையே இது பரவியது. அங்கே வேலை செய்த ஸ்டான்டனும் பிளெட்சரும்தான் மெலியோய்டோசிஸ் என்ற பெயரையே வைத்தார்கள்.

வழக்கமாக நிமோனியாவுக்குத் தரும் பல மருந்துகளுக்கு இந்தக் கிருமி மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அப்புறம் மூன்று மாதமாவது மாத்திரை. பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். அப்பா தோட்டம் கொத்தினாரா, வெள்ளத்தில் நடந்தாரா, காலில் புண் இருந்ததா என்பதையெல்லாம் நீங்களாகவே சொல்லுங்கள், யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ் எந்தக் கிருமியால் வந்திருந்தாலும் குழாய் போட்டு வெளியேற்றித்தான் ஆக வேண்டும், மருந்து மட்டும் போதாது.

நீர் இடது பக்கம் மட்டும் என்றால்?

கணையத்தை நினையுங்கள். நாள்பட்ட குடியால் கணையம் அழற்சியாகி, அதன் சாறு நெஞ்சுக்குள் வழி போட்டுக்கொள்ளும். வயிற்று வலியே இல்லாமல் மூச்சு வாங்கல் மட்டும் இருக்கும். நீரில் அமிலேஸ் என்ற கணைய நொதி மிக அதிகமாக இருக்கும், அதைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். குடியை மறைத்தால் இது பிடிபடத் தாமதமாகும்.

பலமாக வாந்தி எடுத்த உடனே நெஞ்சில் கத்தி குத்தியதுபோல் வலித்து, மூச்சு முட்டினால், உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம். சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும் நிலைமை அது.

மாத்திரையால்கூட நீர் வருமா?

வரும். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் டாசாட்டினிப்தான் இதில் பெயர்போனது. சிறுநீர்த் தொற்றுக்கு நாள்பட எடுக்கும் நைட்ரோஃபுராண்டாயின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் ஆகியவற்றிலும் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மருந்தையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இதோடு இரண்டு சின்ன விஷயம். மூட்டுவாதத்தால் வரும் நீரில் சர்க்கரை மிகக் குறைவாக இருக்கும். மூட்டுவாதம் பெண்களுக்கு அதிகம், நெஞ்சில் நீர் மட்டும் ஆண்களுக்கு அதிகம். அப்புறம் கை நகங்களைப் பாருங்கள். நகம் தடித்து மஞ்சளாகி, வளர்ச்சி நின்று, காலும் வீங்கியிருந்தால் நிணநீர் ஓட்டக் கோளாறு ஒன்று இருக்கிறது, மஞ்சள் நக நோய்க்குறி என்பார்கள். மருதாணியோ சாயமோ போட்டிருந்தால் டாக்டர் கண்ணில் படாது.

ஊசி குத்தும்போது நுரையீரல் ஓட்டையாகிவிடாதா? ஒரே தடவையில் எல்லா நீரையும் எடுத்துவிடலாமா?

அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்தினால் அந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ள வேண்டும். மரத்துப்போகும் ஊசி முதலில் போடுவார்கள். விலா எலும்பின் அடியோரம் இரத்தக்குழாய் ஓடுவதால் எலும்பின் மேலோரமாகத்தான் குத்துவார்கள். இருமல் வந்தால் அடக்காமல் கையை உயர்த்திச் சொல்லுங்கள்.

ஒரே தடவையில் வழக்கமாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நாள்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்துவிடலாம். "மீதியை ஏன் விட்டுட்டாங்க?" என்று கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

எங்கே போக வேண்டும்? எப்போது அவசரம்?

போன மாதம் மூச்சு வாங்காமல் ஏறிய படியில் இந்த மாதம் பாதியில் நிற்கிறீர்கள் என்றால் அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிச் சீட்டு வாங்கி எக்ஸ்ரே கேளுங்கள். நின்று எடுத்த படத்தில் தெரிய ஏறக்குறைய 200 மில்லி நீராவது இருக்க வேண்டும், அதனால் சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட். கோலாலம்பூரில் ஜாலான் பகாங்கில் சுவாச நோய்களுக்கென்றே அரசாங்க மருத்துவக் கழகம் இருக்கிறது. உதடு நீலமாவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, மயக்கம், திடீர் நெஞ்சு வலி: 999.

எல்லாம் பார்த்தும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டார்கள். அப்படியும் உண்டா?

உண்டு. நெஞ்சுக்குள் கேமரா விட்டு உறையிலிருந்து திசு எடுத்துப் பார்த்தும் சிலருக்கு வெறும் அழற்சி என்றுதான் வரும். அவர்களில் பலருக்கு நீர் தானாக வற்றிவிடும், சிலருக்குப் பிறகு வேறு உருவில் நோய் வெளிப்படும். அதனால் ஒரு வருடமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும், தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வீட்டிலேயே உட்கார்ந்து யோசியுங்கள். வாலிப வயதில் என்ன வேலை பார்த்தார்? எழுபது வயது தாண்டிய ஒருவருக்கு மூன்று தடவை நீர் எடுத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அட்டையில் 'ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்' என்று இருந்தது. ஓர் இராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டியது கடைசி இருபது வருடம்தான். அதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை வாளால் அறுக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது தலைமுடி வெள்ளையாக இருக்குமாம், "கெழவன் மாதிரி வர்றீங்களே" என்று மனைவி சிரிப்பாராம். அந்த நார் நுரையீரல் உறையில் 30, 40 வருடம் கிடந்துவிட்டுப் புற்றுநோயாகும். காலையில் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொன்னேன். கேமரா விட்டுத் திசு எடுத்தார்கள், அதுதான்.

டாக்டர் அவரிடம் அடுத்துக் கேட்டது, அந்த வேலை உடுப்பைத் தினமும் உதறித் துவைத்தது யார் என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நான்தான் ஐயா" என்றார். அன்றைக்கே அவருக்கும் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்கள்.